வகுக்கும் எண்

என் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கரிசல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் அன்றைக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டிடம், ஒரே வாத்தியார். பருத்தி எடை போட்ட சிட்டையை ஊரார் யாராவது கொண்டுவந்து நீட்டினால், வாத்தியார் தான் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, நீ சொல்லு" என்று அக்காவைக் கூப்பிடுவார். அவள் சிலேட்டைத் தொடமாட்டாள். ஓட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அஞ்சாம் வகுப்பில் அவள்தான் முதல் மார்க். அதோடு நின்றாள். ஆறாம் வகுப்புக்கு நாலு மைல் நடக்கவேண்டும். வீட்டில் கடைசித் தம்பி தொட்டிலில் கிடந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் அம்மா களையெடுக்கப் போகமுடியும். நாலு வருஷம் கழித்து நான் அஞ்சாம் வகுப்பை முடித்தபோதும் அதே நாலு மைல்தான், அதே வீடுதான். நான் போனேன். எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிய காசு அக்காவின் தீப்பெட்டி ஆபீஸ் வாரக் கூலியிலிருந்து வந்தது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

கல்வி நூல்களில் 'குடும்பப் பின்னணி' என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கும் அக்காவுக்கும் அப்பா ஒருவர், அம்மா ஒருத்தி, கஞ்சிப் பானையும் ஒன்று. பின்னணி மட்டும் வேறு வேறு.

இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. கணக்கு வாத்தியாராக 1974ல் சேர்ந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்துவிட்டு 2008ல் ஓய்வு பெற்றேன். வேலை பார்த்த பள்ளிக்கூடங்களின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் கதைகளில் சிலவற்றில் குற்றவாளி நானேதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு முதல் பீரியட் கணக்கு. கடைசி பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்குவான். பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தேன், நின்றுகொண்டே தூங்கினான். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "ஏலே, ராத்திரி என்னதாம்ல செய்தே?" என்று கேட்டேன்.

"பெட்டி ஒட்டுனேன் சார்."

"எம்புட்டு நேரம்?"

"ஏழு குரோஸ் சார். நானும் அம்மாவும் தங்கச்சியும்."

நான் கேட்டது நேரத்தை. அவன் சொன்னது குரோஸை. அந்த வீட்டில் கடிகாரம் அதுதான். ஏழு குரோஸ் என்றால் எத்தனை பெட்டி என்று கேட்டேன், கொஞ்சம் கிண்டலாகத்தான். வாய் மூடுவதற்குள் "ஆயிரத்து எட்டு" என்றான். ஒரு குரோஸ் 144 பெட்டி. ஏழால் பெருக்கினால் அதுதான் விடை. முந்தின பரீட்சையில் அவனுக்கு நான் போட்டிருந்த மார்க் பதினொன்று.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுவதைக் கட்டை அடுக்குவது என்பார்கள். சின்ன விரல்களுக்கு அது வேகமாக வரும் என்று பெருமையாக வேறு பேசிக்கொள்வார்கள். பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் தெரியுமா? "பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல சார்."

பாளையங்கோட்டையில் பி.எட். படித்தபோது ஒரு பேராசிரியர் கோல்மன் அறிக்கையைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஜேம்ஸ் கோல்மன் அமெரிக்கச் சமூகவியலாளர். அந்த நாட்டில் ஆறு லட்சத்துக்கு நெருக்கமான மாணவர்களை ஆராய்ந்து 1966ல் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் கட்டிடம், நூலகம், செலவு ஆகியவற்றில் உள்ள வித்தியாசங்களைவிட, பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதே மார்க்கில் அதிகம் தெரிகிறது என்றது அது. கூடப் படிப்பவர்கள் எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் என்பதும் முக்கியம் என்றது. இந்த இரண்டாவது பகுதியை நாங்கள் மறந்துவிட்டோம். முதல் பகுதி எங்களுக்கு வசதியாக இருந்தது. வீடு சரியில்லை, நாம் என்ன செய்வது என்று கைகழுவ அமெரிக்காவிலிருந்து ஓர் ஆதாரம் கிடைத்தால் விடுவோமா?

ரொம்பப் பின்னால்தான் இன்னொன்றைப் படித்தேன். ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளுமாக 29 நாடுகளை எடுத்துப் பார்த்து 1983ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாடு ஏழையாக இருக்க இருக்க, பள்ளிக்கூடமும் ஆசிரியரும் பிள்ளையின் தேர்ச்சியில் அதிகப் பங்கு வகிக்கிறார்கள் என்றது அந்தக் கட்டுரை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. எல்லா வீட்டிலும் புத்தகம் இருக்கிற ஊரில் பள்ளிக்கூடப் புத்தகம் பத்தோடு பதினொன்று. எங்கள் ஊரில் அது ஒன்றேதான் புத்தகம். அதன்மேல்தான் சாப்பாட்டுத் தட்டையும் வைப்பார்கள், அது வேறு விஷயம்.

சாப்பாடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் காமராசர் 1956ல் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். விருதுநகரில் தன் படிப்பைச் சிறு வயதிலேயே விட்ட மனிதர் அவர். எங்கள் ஓட்டுக் கட்டிடத்துக்கும் சோறு வந்தது. அக்கா அஞ்சாம் வகுப்பு வரையாவது வந்தாள் என்றால் அதற்கு அந்தச் சோறும் ஒரு காரணம். பிறகு எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கினார். முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். 1984 செப்டம்பரில் பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அது வந்தபோதுதான் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை மத்தியான மணி அடித்தால் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளில் ஒரு பகுதி திரும்ப வராது. வீட்டில் சோறு இருந்தால் வருவான். இல்லாவிட்டால் ஏன் வரப்போகிறான்? "இனிமே சோத்துக்கு ஒரு கூட்டம் வரும் பாருங்க" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். கூட்டம் வந்தது. வந்த கூட்டம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தது. மத்தியானத்தில் மூன்று பீரியட் உண்டு. ஒரு வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால், அறுநூறு பீரியடை ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொடுத்தது. எந்தப் பயிற்சி முகாமும் எங்களுக்கு அப்படி வாங்கிக்கொடுத்ததில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. வீட்டு நிலைமை என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி நேரம். பிள்ளையின் கையில் அதற்கென்று எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதுதான். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அது ஆறு, ஏழு மணி நேரம். பெட்டி ஒட்டுகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தை ஏதாவது ஒரு வழியில் திருப்பிக் கொடுத்த திட்டங்கள் எல்லாம் மார்க்காக விளைந்தன. மற்றவை சுவரில் எழுதிய வாசகங்களாக நின்றன. இது என் அளவில் கண்டது. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

சட்டமும் வந்தது. 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பதினாலு வயதுக்குக் கீழே ஆள் வைக்கக்கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு விலக்கு வைத்திருந்தது. கம்பெனி பஸ்ஸில் பிள்ளைகள் குறைந்தார்கள். பெட்டி ஒட்டும் அட்டையும் பசையும் இன்னும் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்தன. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும், அரசு அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்கச் செய்யவேண்டும், அல்லது தன் பங்காக ஐயாயிரம் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்பு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வீட்டுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது என்பதை நேர்மையாக ஒத்துக்கொண்ட தீர்ப்பு அது. அதனாலேயே அதன்மேல் எனக்கு மரியாதை. அந்தப் பணம் வந்துசேர்ந்த வீட்டை மட்டும் நான் என் கண்ணால் பார்த்ததில்லை.

கோட்டையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வருவதைத்தான் கொள்கை என்கிறோம். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் போட்ட சட்டங்களும் கொள்கைதான். அவை அரசாணையைவிடக் கூர்மையாகக் கிழிக்கும். என் வகுப்பில் ஒன்று இருந்தது: பிராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்து வாங்கிவராதவன் வகுப்புக்குள் வரக்கூடாது. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி மூன்று மாதமும் அழகான கையெழுத்தோடு கொண்டுவந்தாள். நாலாவது மாதம் அவளுடைய அப்பாவைச் சந்தையில் பார்த்தேன். கடைக்காரர் நீட்டிய நோட்டில் அவர் கட்டைவிரலை உருட்டினார். மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, 'போர்ஜரி' என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி விளக்கம் சொன்னேன். அவள் அழவில்லை. "கைநாட்டு வச்சா எல்லாரும் பாப்பாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பிள்ளை மூன்று மாதமாக எழுதிப் பழகிய கையெழுத்தை நான் குற்றம் என்றேன். அந்தப் பெண் பிறகு நன்றாகவே படித்தாள். நான் அதற்குக் காரணமில்லை.

கையெழுத்துத் தெரியாத வீட்டில் படிப்புக்குத் துணை இருக்காது என்று நினைப்பதும் தப்பு. பத்தாம் வகுப்பில் எப்போதும் முந்திவரும் ஒரு பையன். அவன் வீட்டுக்கு ஒரு முறை போயிருந்தேன். சிம்னி விளக்கைச் சுற்றி அட்டையும் பசையும். அம்மா பெட்டி ஒட்டுகிறாள்; அவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறான். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நடுவில் அவன் ஓர் இடத்தில் தடுக்கினான். பசைக்கை நிற்காமல், "அதைத் திரும்பப் படில" என்றாள். திரும்பப் படித்தான். "எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டேன். "புரிஞ்சு படிச்சா ஒரு ஓட்டம் இருக்கும் சார். புரியாம படிச்சா கல்லுல வண்டி ஏறுன மாதிரி கேக்கும்" என்றாள். அவன் பங்குக்கு வரவேண்டிய குரோஸையும் சேர்த்து அவளே ஒட்டிக்கொண்டிருந்தாள் என்பதை வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

தலைமையாசிரியர் ஆன பிறகு சில சின்ன மாற்றங்கள் செய்தேன். கணக்கை முதல் பீரியடிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன், தூக்கம் தெளிந்திருக்கும். பெற்றோர் கூட்டத்தை வாரநாள் மூன்று மணிக்கு வைத்துக்கொண்டு யாரும் வருவதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். வந்தால் அரைநாள் கூலி போகும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினேன். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள், ஊர் வந்தது. சாயங்காலம் இரண்டு வகுப்பறைகளில் டியூப் லைட்டைப் போட்டு எட்டரை மணி வரை திறந்துவைத்தேன். பாடம் எதுவும் எடுக்கவில்லை. பிள்ளைகள் உட்கார இடமும் வெளிச்சமும் மட்டும். பெட்டி ஒட்டச் சொல்ல அங்கே ஆள் கிடையாது, அதுதான் அதன் விசேஷம். பெண் பிள்ளைகள் அதற்கு வரமுடியவில்லை. இருட்டில் திரும்பிப் போகவேண்டுமே. என் பங்குக்குச் செய்த திட்டமும் கடைசியில் அக்காக்களை வீட்டில் விட்டுவிட்டுத் தம்பிகளுக்குத்தான் விளக்கேற்றியது. பிற்பாடு பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தபோது என் மாதிரி ஆட்களால் முடியாததை அது செய்தது. சாயங்காலம் அவர்கள் வரிசையாகப் பேசிக்கொண்டு மிதித்துப்போவதைப் பார்க்க அத்தனை நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் செய்தவன் என்று மார்தட்டிக்கொள்ள முடியாதபடி ஒன்று இருக்கிறது.

அது தொண்ணூறுகளின் கடைசி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மாவட்ட அளவில் தலைமையாசிரியர்களைக் கூட்டி, பள்ளிவாரியாகச் சதவீதத்தை வாசிப்பார்கள். குறைந்தவர் எழுந்து நிற்கவேண்டும். நான் நின்றேன். ஐம்பது வயதை நெருங்கிய மனிதன், இருநூறு பேர் முன்னால், பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட பையன் மாதிரி. திரும்பி வருகிற பஸ்ஸிலேயே வழி தோன்றிவிட்டது. என்ன புதிய வழி? எல்லோரும் செய்துகொண்டிருந்ததுதான். தேறியவர்களைத் தேர்வு எழுதியவர்களால் வகுத்தால் சதவீதம். வகுக்கும் எண்ணைக் குறைத்தால் விடை பெருகும். கணக்கு வாத்தியாருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேரை நிறுத்திவைத்தேன். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். தேறமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டியவர்கள். பதிவேட்டில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதுவதற்கு அரை நிமிஷம் ஆகவில்லை. மறு வருஷம் பள்ளி சதம் அடித்தது. கூட்டத்தில் துண்டு போர்த்தினார்கள், கைதட்டல். அந்த ஆறு பேரில் ஒரு பையன் மட்டும் மறுபடி ஒன்பதாவதில் வந்து உட்கார்ந்தான். மற்ற ஐந்து பேரை ஜூன் மாதத்தில் யாரும் தேடவில்லை. தேடினால் வகுக்கும் எண் கூடிவிடும்.

ஒரு நல்ல கொள்கைகூட எதை அளக்கிறோம் என்பதில் கெட்டுப்போகும். தேறியவர்களை எண்ணுகிறோம் என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுப்போனவர்களை எண்ணச் சொல்லியிருந்தால் அந்தப் பேனாவை நான் திறந்திருக்கமாட்டேன். 2009ல் கல்வி உரிமைச் சட்டம் வந்து எட்டாம் வகுப்பு வரை நிறுத்தக்கூடாது என்றபோது, "படிக்காமலே பாஸா?" என்று பலரும் கொதித்தார்கள். அந்த ஐந்து பேரை நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. பாஸ் போட்டுவிட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கில ஆசிரியரே இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்டிய பள்ளிக்கூடத்தை நடத்தியவன் நான். ஆனாலும் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு என்றைக்காவது சொல்லிக்கொடுக்கலாம்.

2022ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோர்தான் முக்கால் பங்கு, பாதிப் பேர் பெண்கள், தலைவரும் ஒரு பெற்றோர். நான் வேலை பார்த்த அந்தப் பள்ளியில் ஒரு கூட்டத்துக்குப் பழைய தலைமையாசிரியர் என்று என்னையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். தலைவர் நாற்காலியில் இருந்த பெண்மணியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி, மாலையில் ஒரு பஸ், இரண்டு தீர்மானத்தையும் தெளிவாகப் பேசி முடித்தார். கையெழுத்துப் போடும்போது என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஒம்போதாப்பு ஃபெயில் நான். போடலாமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேனா என்னுடையது, அவர்தான் கேட்டு வாங்கியிருந்தார். போடுங்க தாயீ என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று இப்போது ஞாபகமில்லை.

போன வருஷம் அக்காவின் கடைக்குட்டிப் பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறாள். அதற்கும் ஒரு சான்றிதழ். திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் ஒவ்வொரு கட்டமாக வாசித்துக்கொண்டே நிரப்பினாள். தகப்பனார் கல்வித் தகுதி, பத்து. தாயார் கல்வித் தகுதி, எட்டு. அக்கா சுவரில் சாய்ந்து, காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்குகிறாள், கண் மங்கல், காது பரவாயில்லை.

"அப்பத்தா படிச்சதைக் கேக்கலையா?"

"அதுக்குக் கட்டமே இல்ல அப்பத்தா."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கயாச்சும் இடம் கிடந்தா அஞ்சாப்புன்னு எழுது" என்றாள். பேத்தி மறுபடி செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் சொன்னாள்:

"முதல் மார்க்குன்னும் எழுது. வேணும்னா உங்க தாத்தாகிட்ட கேட்டுக்கோ."